205: ஓர் இரும்புப் பெட்டியின் பெருமை

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் எஞ்சினில் தொடங்கி டயரில் முடிந்துவிடும். கியர் பாக்ஸுக்குப் பின்னால், சேஸிஸுக்கு அடியில், சேறு அப்பிக் கிடக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய மகிந்திரா ஜீப்பில் ஏறியவர்களுக்கு அதன் வெளி அடையாளம் மட்டும் தெரிந்திருக்கும். கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டை லிவர்கள் நிற்கும். ஒன்று முன் சக்கரங்களையும் இழுக்க வைப்பது. மற்றது ஹை, லோ மாற்றுவது. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு வைப்பதும், வேண்டும்போது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதும்தான் அந்தப் பெட்டியின் வேலை. அதை மிக அழகாகச் செய்தது எது என்று கேட்டால், தயங்காமல் நியூ பிராசஸ் 205 என்பேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பிறந்த நிறுவனம் நியூ பிராசஸ் கியர். 1888இல் தொடங்கியபோது அது பதப்படுத்தாத மாட்டுத்தோலை அடுக்கி அழுத்திப் பல்சக்கரம் செய்தது. சத்தமில்லாமல் ஓடும் என்பதால் அந்தத் தோல் கியர்களுக்கு அன்று நல்ல மதிப்பு. அங்கிருந்து வளர்ந்த நிறுவனம் 1970களில் செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் என்ற மூன்று போட்டியாளர்களின் டிரக்குகளுக்கும் ஒரே 205ஐச் செய்து கொடுத்தது. ஒருவர் செய்வதை மற்றவர் செய்யாத அந்தத் தொழிலில் மூவரும் ஒரே பெட்டியை ஏற்றுக்கொண்டதே அதற்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

வார்ப்பிரும்புக் கூடு. அறுபது கிலோவுக்கு மேல் எடை. தனி ஆளாகப் படுத்துக்கொண்டு மார்பில் தாங்கி மாட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது, ஜாக்கி கட்டாயம். உள்ளே செயின் கிடையாது. எல்லாமே பல்லோடு பல் சேரும் கியர்கள். சாதாரண சாலையில், அதாவது டூ வீல் ஹையில், கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டும் பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டும் ஒரே கோட்டில் பூட்டிக்கொள்ளும். விசை நேராகப் போய்விடும், எந்தப் பல்லின் மேலும் சுமை விழாது. முன் சக்கரங்களைச் சேர்த்தாலோ லோ போட்டாலோதான் விசை கீழே இறங்கி, நடுவில் இருக்கும் ஐட்லர் கியர் வழியாகச் சுற்றி வரும். அன்றாட ஓட்டத்தில் தேயாமல், கடினமான இடத்துக்காகத் தன் பலத்தைச் சேர்த்து வைத்திருக்கும் அமைப்பு. ஐம்பது வயதான 205ஐத் திறந்தால் உள்ளே பற்கள் கூர்மையாக மின்னுவதன் ரகசியம் இதுதான்.

இதன் உறவுகளையும் சொல்ல வேண்டும். 203 என்பது 1970களில் வந்த, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. உள்ளே நீண்ட செயின், நடுவே ஒரு டிஃபரன்ஷியல். தார்ச்சாலையில் சுகமாக ஓடியது, ஆனால் பெட்ரோலைக் குடித்தது. எண்ணெய் நெருக்கடி முற்றிய காலத்தில் அதற்கு எதிர்காலம் இல்லாமல் போனது. 1980களின் தொடக்கத்தில் வந்த 208 அலுமினியக் கூடும் செயினும் கொண்டது. எடை குறைவு, சத்தம் குறைவு, லோ விகிதம் 2.61. இந்த ஓர் எண்ணில் மட்டும் 205 தோற்றுவிடும், அதன் லோ வெறும் 1.96.

பாறைமேல் ஏறும் வண்டிக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. செவர்லே டிரக்கில் எஸ்.எம். 465 என்ற நாலு கியர் பாக்ஸ் இருந்தால் முதல் கியர் 6.55. ஆக்ஸில் 4.10 என்று வையுங்கள். 205 லோவில் மூன்றையும் பெருக்கினால் 52 சொச்சம் வரும். அதாவது எஞ்சின் 52 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதே வண்டியில் 208 இருந்தால் 70. அப்படியும் நான் 205ஐயே எடுப்பேன். விகிதத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். நீண்டு தளர்ந்த செயினும், அடிபட்டால் விரியும் மெல்லிய கூடும் நடுக்காட்டில் கைவிட்டால் அங்கே எந்த விகிதமும் உதவாது.

தேர்வு செய்யும்போது எல்லா 205உம் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். உள்ளே வரும் தண்டின் ஸ்ப்லைன், அதாவது நீளவாட்டுப் பற்களின், எண்ணிக்கை செவர்லேயிலேயே 10, 27, 32 என்று மாறும். எந்த கியர் பாக்ஸோடு வந்ததோ அதற்கேற்ற எண். முன் ஆக்ஸிலுக்கான தண்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதும் முக்கியம். அந்தக் காலச் செவர்லேயில் வலப்பக்கம், 1970களின் கடைசியில் வந்த ஃபோர்டுகளில் இடப்பக்கம். உங்கள் முன் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்க்காமல் பெட்டியை விலை பேசக் கூடாது.

இனி மாற்றங்கள். பணம் இருந்தால் அட்லஸ் என்ற புதிய பெட்டியே வாங்கலாம், 3.8, 4.3 என்று கேட்ட விகிதத்தில் கிடைக்கும். நல்ல சாமான்தான். ஆனால் என் மனம் போவது, இரும்புக்குள் ஏற்கெனவே இருக்கும் திறமையை வெளியே கொண்டுவரும் வேலைகளின் பக்கம்.

முதல் வேலை லிவரில். 205க்குள் இரண்டு ஷிஃப்ட் தண்டுகள் உண்டு. ஒன்று பின்பக்கத்துக்கு, ஒன்று முன்பக்கத்துக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே ஹை, நியூட்ரல், லோ போகக்கூடியது. தொழிற்சாலை இரண்டையும் ஒரே லிவரில் கட்டி, நடுவே சிறிய பூட்டுப் பின்களை வைத்துத் தடுத்திருக்கிறது. அந்த ஒற்றை லிவரை எடுத்துவிட்டு இரட்டை லிவர் போட்டு, தண்டின் பள்ளங்களை அளவாகத் தேய்த்துவிட்டால் புதிய சேர்க்கைகள் திறக்கும். பின் சக்கரம் மட்டும் லோவில் ஓடும். கனமான டிரெய்லரைக் காங்கிரீட் முற்றத்தில் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குத் தள்ளும்போது, முன் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் முழு இழுவையும் கிடைக்கும். பின்னை நியூட்ரலில் விட்டு முன்னை மட்டும் லோவில் போட்டால், வண்டி தன் முகத்தைத் தானே இழுத்துக்கொண்டு குறுகிய வளைவில் திரும்பும். பல டன் டிரக் அப்படித் திரும்புவதைப் பார்ப்பதில் ஒரு தனி ஆனந்தம் இருக்கிறது.

அந்தப் பின்களை முழுதாகப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. அது அவசர வேலை. முன் ஹையிலும் பின் லோவிலும் ஒரே சமயத்தில் விழுந்துவிட்டால் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று ஏதாவது உடையும். வேண்டிய சேர்க்கைகளைத் திறந்து, அந்த ஒன்றை மட்டும் பூட்டியே வைத்திருப்பவர்தான் நல்ல மெக்கானிக்.

இரண்டாவது வேலை இன்னும் உயர்ந்தது. பெட்ரோலைக் குடிக்கிறது என்று ஒதுக்கப்பட்ட 203இன் முன்பாகம் ஒரு தனி ரேஞ்ச் பாக்ஸ். ஹை, லோ மாற்றும் கியர்கள் முழுவதும் அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. அதைக் கழற்றி, இடையே ஓர் அடாப்டர் தகடு வைத்து, 205க்கு முன்னால் மாட்டலாம். அமெரிக்கப் பட்டறைகளில் இதற்கு டப்ளர் என்று பெயர். 203இன் லோ சுமார் 2, 205இன் லோ 1.96. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கிட்டத்தட்ட 4. முன்பு பார்த்த 52 இப்போது நூறைத் தாண்டிவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி பாறையில் ஊர்ந்து ஏறும், இறங்கும்போது பிரேக்கும் பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஒதுக்கப்பட்ட ஒன்றின் தலையையும் நிலைத்து நின்ற ஒன்றின் உடலையும் சேர்த்து, இரண்டையும் மிஞ்சிய ஒன்றைச் செய்த அந்தப் பட்டறை மூளைக்கு என் வணக்கம்.

இதற்கு விலையும் உண்டு. பெட்டி நீண்டுவிடுவதால் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டையாகி, அதன் சாய்வு செங்குத்தாகும். 131.5 அங்குல வீல்பேஸ் கொண்ட நீளமான செவர்லேயில் இது பெரிய தொல்லை இல்லை. 117.5 அங்குலக் குட்டை வண்டியில் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். பெருகிய முறுக்குவிசை யுனிவர்சல் ஜாயின்டிலும் ஆக்ஸில் தண்டிலும் போய் இறங்கும். பெட்டி தாங்கும், அடுத்தவை தாங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சிரக்யூஸ் ஆலை 2012இல் மூடப்பட்டுவிட்டது. புதிய 205 இனி வரப்போவதில்லை, இருப்பவைதான் கைமாறிக்கொண்டிருக்கும். அதனால் பழைய டிரக்கை உடைக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிரில் 203 வந்தால், செயின் போய்விட்டது என்று முழுப் பெட்டியையும் இரும்பு விலைக்கு எடை போட்டுவிடாதீர்கள். முன்பாகத்தைக் கழற்றி, எண்ணெய் தடவி, எடுத்து வையுங்கள்.