கடலுக்கு ஏது கண்ணோட்டம்?

கடலூர் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் நண்பர், மொபைலை நீட்டி, 'இதுக்குத் தமிழ்ல என்ன சார்?' என்றார். இந்திய வானிலைத் துறை வெளியிடும் 'டிராப்பிகல் வெதர் அவுட்லுக்'. யோசிக்காமல் 'வானிலைக் கண்ணோட்டம்' என்றேன்.

'கடலுக்கு ஏது சார் கண்ணோட்டம்?'

2004-ல் சுனாமியையும் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயலையும் பார்த்த ஊர்க்காரர் கேட்கிறார். திருக்குறளில் 58-வது அதிகாரத்தின் பெயரே கண்ணோட்டம்தான். அங்கே அர்த்தம் தாட்சண்யம், இரக்கம். அந்த அர்த்தத்தில் அவர் சொன்னது ரொம்பச் சரி. அந்தச் சொல்லை எடுத்து 'மார்க்சியக் கண்ணோட்டம்', 'பெண்ணியக் கண்ணோட்டம்' என்று நாம்தான் மாற்றிவிட்டோம்.

சிதம்பரம் பஸ்ஸில் இதே யோசனை. அவுட்லுக் என்றால் உயரத்தில் நின்று பார்க்கிற இடம் (பிச்சாவரத்துக் கோபுரம் மாதிரி). அங்கிருந்து தெரிகிற காட்சி. அப்புறம் ஒருத்தருடைய மனப்பாங்கு. கடைசியாக, இனி எப்படி இருக்கும் என்பது. போதாக்குறைக்கு ஒரு பத்திரிகை, ஒரு ஈமெயில் மென்பொருள். 2012 ஏப்ரலில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் இந்தியாவின் அவுட்லுக்கை 'நெகட்டிவ்' என்றது. ரேட்டிங் அப்படியேதான் இருந்தது. 'கீழே போகலாம்' என்பதற்கும் 'போய்விட்டது' என்பதற்கும் உள்ள இடைவெளிதான் அந்தச் சொல்.

நம் செய்திகள் இந்த இடைவெளியை விழுங்கிவிடுகின்றன. எச்சரிக்கை என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். முன்னறிவிப்பு அதற்கு ஒரு படி கீழே. அவுட்லுக் இன்னும் கீழே: தாழ்வு மண்டலம் உருவாக வாய்ப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா, அவ்வளவுதான். மூன்றையும் 'புயல் அபாயம்!' என்று தலைப்புப் போட்டால், நாலாவது தடவை நிஜமாகவே கூண்டு ஏறும்போது யார் கரையில் நிற்பார்கள்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார், இதே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். ஆனால் எந்த அகராதியும் அர்த்தங்களை வரிசையில் நிறுத்துவதோடு சரி. எதை எங்கே கூப்பிடுவது என்பது எழுதுகிறவன் பொறுப்பு. 'முன்னோட்டம்' பொருத்தமான சொல். அதை சினிமாக்காரர்கள் டிரெய்லருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 'போக்கு' என்று வைத்தால், இதுவரை வந்த வழியைச் சொல்கிறதே தவிர வரப்போவதைச் சொல்லவில்லை.

நண்பருக்கே போன் செய்தேன். 'இதைப் படிச்சிட்டு உங்க ஆளுங்ககிட்ட எப்படிச் சொல்வீங்க?'

'ரெண்டு நாள்ல காத்து எடுக்கும்னு படுதுப்பா, இப்படித்தான்.'

படுது! கண்ணில் படுது, சரின்னு படுது, மழை வரும்னு படுது. காட்சி, கருத்து, எதிர்பார்ப்பு மூன்றுமே ஒரு வினைச்சொல்லில். பெயர்ச்சொல்லாக்கினால்தான் சிக்கல். 'படுகை' ஆற்றோடு போய்விட்டது. 'பாடு' என்றால் கஷ்டம். கடற்கரையில் 'மீன்பாடு' என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்தது.

'இன்னிக்கு எப்படி?' என்றேன்.

'பாடு இல்ல சார்.'