வறண்ட ஊருக்கு அறுகம்புல்

தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் புல்தரை வீண் ஆடம்பரம் என்பார்கள். தினமும் தண்ணீர் கேட்கும் புல்லுக்கு அது பொருந்தும், அறுகுக்குப் பொருந்தாது. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு படரும் தண்டு ஒருபுறம், மண்ணுக்குள்ளேயே ஓடும் தண்டு மறுபுறம் என இரண்டு வழியில் அது உயிரைக் காத்துக்கொள்கிறது. கோடையில் பழுப்பேறிவிடுகிறதே என்று கேட்கலாம். புல் அப்போது உறங்குகிறது. ஒரு நல்ல மழை பெய்தால் மண்ணுக்குள் இருக்கும் கணுக்கள் மறுபடி துளிர்க்கும்.

நாள்தோறும் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி பாய்ச்சினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மர நிழலில் அறுகு தேறாது என்பது மெய்தான். ஆனால் வெயில் விழும் முற்றத்தில் புழுதியை அடக்கி, மண் அரிப்பைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. சிமென்ட் போடும் முன் அறுகை ஒருமுறை வளர்த்துப் பாருங்கள்.