கோலுக்கு ஏற்ற பேழை

பில்லியர்ட்ஸ் மேஜையருகே பல்லாண்டு பழகிய ரசிகர்களிடத்திலும் ஒரு விசித்திரமான அலட்சியத்தை நான் கண்டிருக்கிறேன். கோல் வாங்கும்போது அதன் மரம் எந்தத் தேசத்தது, ரேகைகள் நுனிவரை நேராக ஓடுகின்றனவா, எடை எத்தனை அவுன்ஸ், கைப்பிடியில் சுற்றியிருப்பது ஐரிஷ் நூலா தோலா என்று மணிக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், அதை இட்டுவைக்கும் பேழையைப் பற்றிய பேச்சு வந்ததும், கையில் மிஞ்சிய பணத்துக்கு எது அகப்படுகிறதோ அதுவே போதும் என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். கோல் ஆட்டக்காரருடைய கையில் இருப்பது நாளொன்றுக்கு இரண்டு மணியோ மூன்று மணியோதான்; எஞ்சிய பொழுதெல்லாம் அது வாசம் செய்வது அந்தப் பேழைக்குள்ளே. ஆகையால் கோலின் ஆயுளை நிர்ணயிப்பதில் அதைக் கடைந்த தச்சனுக்கு எத்தனை பங்குண்டோ, பேழை செய்தவனுக்கும் ஏறக்குறைய அத்தனை பங்கு உண்டு என்பது என் துணிபு. பனியும் வறட்சியும் மாறி மாறி வரும் நாடுகளில் வாழ்கிறவர்கள் இதை மறுத்தாலும் மறுக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் மறுப்பதற்கில்லை.

பூல் ஆட்டத்துக்குரிய கோல் சாதாரணமாக 58 அங்குல நீளமுள்ளது. நடுவில் திருகிப் பிரித்தால் ‘பட்’ என்னும் அடிப்பாகமும் ‘ஷாப்ட்’ என்னும் நுனிப்பாகமுமாக 29 அங்குலத் துண்டுகள் இரண்டாகும். ஸ்னூக்கர் கோலோ ஒரே துண்டாகவும் வரும். முக்கால் பங்கில் மூட்டு வைத்ததாகவும் வரும். அதனால் ஸ்னூக்கர்காரருடைய பெட்டி நீண்டு மெலிந்து துப்பாக்கிப் பெட்டியைப் போன்ற கம்பீரத்துடன் இருக்கும். பூல் ஆட்டக்காரருடைய பேழையோ தோளில் மாட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் யாரையும் இடிக்காமல் நின்று வரக்கூடிய குழலாக இருக்கும். கிள்ளானில் ஏறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் வரை நடக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சிறிதன்று.

பேழைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு மூலையில் இடம் கிடைத்திருக்கிறது. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் மழைக்காலப் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஸ்னூக்கர், நெவில் சேம்பர்லின் என்பவருடைய முயற்சியால் 1882-இல் உதகமண்டலம் கிளப்பில்தான் எழுதப்பட்ட விதிகளைப் பெற்றது. அக்காலத்துக் கிளப்புகளில் அங்கத்தினர் தத்தம் கோலை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் அதிகம் இல்லை. கறுப்பு வார்னிஷ் பூசிய தகரக் குழல்களில் கோலை இறக்கி, மூடியைப் பூட்டி, மேலே சொந்தக்காரருடைய பெயரை வெள்ளை எழுத்தில் தீட்டி, பில்லியர்ட்ஸ் அறையின் சுவரோரத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். மலாயாவுக்கு வந்த துரைமார்களும் அந்த மேஜைகளையும் அந்த வழக்கங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1884-இல் தோன்றிய சிலாங்கூர் கிளப்பின் காலம் அது. அந்தத் தகரக் குழல்களை இன்று பழம்பொருள் விற்கும் கடைகளில் பார்க்கலாம். அவை கோலைத் திருட்டிலிருந்து காத்தன, அடி படாமலும் காத்தன; காற்றிலிருந்து காத்தனவா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். உள்ளே துணி கிடையாது. தகரம் வெயிலில் சுடும், இரவில் வியர்க்கும்.

கோலின் உண்மையான சத்ரு காற்றுதான். கோலாலம்பூரில் ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் நூற்றுக்கு எண்பதை ஒட்டியே நிற்கிறது. அத்தகைய காற்றில் நெடுநாள் கிடக்கும் மரம் தன் எடையில் நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதே மரத்தைக் குளிர்சாதனம் ஓயாமல் ஓடும் ஆட்ட அரங்குக்குள் வைத்தால், பத்துப் பங்குக்கு அருகே இறங்கிவரப் பார்க்கும். நீர் ஏறும்போது மரம் நீளத்தில் வளர்வதில்லை. குறுக்கில் பருக்கிறது, நீர் இறங்கும்போது குறுக்கில் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பருத்துச் சுருங்கினால் பாதகமில்லை. சுவரில் சாய்த்து வைத்த கோலின் ஒரு பக்கம் சுவரின் ஈரத்தையும் மறு பக்கம் குளிர்சாதனத்தின் வறட்சியையும் ஏற்கும்போதுதான், நேற்றுவரை கண்ணாடி மீது உருட்டினால் ஆடாமல் உருண்ட ஷாப்ட் இன்று நுனியில் தள்ளாடத் தொடங்குகிறது. வட அமெரிக்காவின் மேப்பிள் மரமும் இங்கிலாந்துக்காரர் விரும்பும் ஆஷ் மரமும் இந்தச் சோதனைக்குப் பழகியவை அல்ல. நம் பிரதேசத்திலேயே, சரவாக்கின் சதுப்புக் காடுகளில் விளைந்த ராமின் மரத்தைக் கொண்டு மலிவான கோல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. வெளிறிய, முடிச்சில்லாத, நேர்த்தியான அந்த மரமும் ஈரத்துக்கு இணங்கி வளைவதில் எதற்கும் சளைத்ததன்று. அளவு மீறி வெட்டப்பட்டு அருகிப்போன அம்மரத்தின் சர்வதேச வியாபாரம் 2005 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

ஆகவே, பேழை செய்ய வேண்டிய முதற்காரியம் காற்றின் மாற்றத்தைத் தாமதப்படுத்துவது. முற்றாகத் தடுப்பதன்று, தாமதப்படுத்துவது. வெளியே மழை பெய்து ஓய்ந்த மாலையில் அரங்கின் குளிரிலிருந்து கோலை எடுத்து வருகிறோம். அந்தப் பேதம் மரத்தை ஒரே அடியாகத் தாக்காமல் இரவெல்லாம் மெல்ல மெல்லச் சென்று சேரும்படி செய்கிற பேழையே நல்ல பேழை. அதற்கு மூன்று அம்சங்கள் ஒத்துழைக்க வேண்டும். சுவர் கெட்டியாக இருக்க வேண்டும். உள்துணி அடர்த்தியாக இருக்க வேண்டும். மூடி இடைவெளி விடாமல் அமர வேண்டும். உட்குழல் பி.வி.சி.யால் ஆனதா மரத்தாலானதா என்பதைவிட, அது முழு நீளத்துக்கும் ஒரே குழலாக ஓடுகிறதா, இடையில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்பதே முக்கியம். மென்மையான நைலான் பைக்குள் நுரைத் தகட்டை வைத்துத் தைத்திருக்கும் உறைகள் பார்வைக்குப் பருமனாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் கோல் விரலில் தட்டும். விரலில் தட்டுவது காரின் கதவிலும் தட்டும்.

உள்துணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நாகஸ்வர வித்வான் தம் சீவாளிகளுக்கு எத்தகைய இடம் தேடுகிறாரோ, அத்தகைய இடத்தையே ஷாப்டும் வேண்டி நிற்கிறது. அழுத்தாத, ஆடவும் விடாத, ஈரம் தங்காத இடம். நீண்ட மயிர் விட்ட வெல்வெட் கடையில் கையை வைக்கும்போது சுகமாக இருக்கும். ஆனால் கோலின் நுனியில் தேய்க்கும் சாக்குப் பொடியை அது வாரி வைத்துக்கொள்ளும். அந்தப் பொடி வியர்வை ஈரத்துடன் சேர்ந்து நாளடைவில் ஷாப்டின் வெண்மையை நீலம் பாரித்த சாம்பல் நிறமாக்கிவிடும். குட்டை மயிருள்ள துணி உத்தமம். அதைக் குழலோடு எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மட்டமான பசை நம் ஊர் வெப்பத்தில் இளகி, துணி குழலைவிட்டுக் கழன்று, கோலை உருவும்போது கூடவே சுருண்டு வெளியே வந்துவிடும். வாங்குமுன் சிறுவிரலை விட்டு உள்விளிம்பை மெல்ல இழுத்துப் பார்ப்பது அநாகரிகமன்று. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பார்த்துவிட வேண்டும்.

தோலுக்கு வருகிறேன். தோல் பேழையின் சௌந்தரியம் வேறெதற்கும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஜாக் ஜஸ்டிஸ் போன்ற கைவினைஞர்கள் இந்தப் பேழையை ஒரு தனிக்கலையாகவே உயர்த்தினார்கள். அவர் செய்தவை என்று அறிந்தால், உள்ளே வைக்கப்போகும் கோலைவிட அதிக விலை கொடுத்தும் வாங்கச் சேகரிப்பாளர்கள் தயங்குவதில்லை. பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த பசுத்தோலை நனைத்து, இரும்பு அச்சுகளால் கொடியும் இலையுமாகச் செதுக்கி, விளிம்புகளைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, மெழுகிட்ட நூலால் தைத்த ஒரு குழலைக் கையில் எடுத்துப் பாருங்கள். தையல் ஒவ்வொன்றும் ஒரே சாய்வில் விழுந்திருக்கும். நூல் தோலின் பரப்புக்கு மேலே புடைத்து நில்லாமல், அதற்கென்று கீறிய மெல்லிய பள்ளத்துக்குள் படுத்திருக்கும். அதனால் பலகாலம் உராய்ந்தாலும் அது அறுவதில்லை. விளிம்பில் தோலின் இரண்டு அடுக்குகள் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் அகப்படாது. மலிவான பேழையில் அந்த விளிம்பின்மேல் சாயத்தைப் பூசி மறைத்திருப்பார்கள். ஆறே மாதத்தில் சாயம் செதில் செதிலாக உதிர, உள்ளே இருக்கும் அட்டை வெளிப்படும்.

ஆனால் நம் ஊரில் தோல் என்றால் பூஞ்சணத்துக்கு விருந்து. ஒரு மாதம் அலமாரியில் மூடி வைத்த தோல் பேழை, எடுக்கும்போது சாம்பல் பூத்த மேனியோடு வருவதைப் பார்த்தவர்கள் அநேகர். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் இந்தத் தொல்லை அதிகம்; குரோமியத்தில் பதனிட்டது சற்றுத் தாங்கும், ஆயினும் அதில் செதுக்கு வேலை நிற்காது. தோல்மீது மோகம் கொண்டவர் அதற்குரிய கைங்கரியத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இருட்டு அலமாரியை விட்டுக் காற்றோட்டமான அறைக்கு அதை மாற்ற வேண்டும். உள்ளே ஒரு சிறு பொட்டலம் சிலிக்கா ஜெல் போட்டு, அது ஈரத்தால் நிறைந்ததும் மாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் பொழுதில்லாதவருக்குக் கெட்டியான உட்குழலின்மேல் செயற்கைத் தோலோ அடர்ந்த நைலானோ போர்த்திய பேழையே தக்கது. அதில் எந்த இழுக்கும் இல்லை.

எத்தனை கோலுக்கு இடம் வேண்டும் என்பதில்தான் ஆசை அறிவை மிஞ்சுகிறது. கடைகளில் ‘ஒன்றுக்கு ஒன்று’, ‘இரண்டுக்கு நான்கு’, ‘மூன்றுக்கு ஐந்து’ என்று எண்களால் பேசுவார்கள். முதல் எண் அடிப்பாகங்களுக்கு, இரண்டாவது எண் ஷாப்டுகளுக்கு. ஆட்டத்துக்கு ஒரு கோல், முதல் அடியில் பந்துக் கூட்டத்தை உடைக்க ஒரு கோல், பந்தைத் தாண்டிக் குதிக்கவைக்க ஒரு குட்டைக் கோல் என்று கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், போட்டிகளில் ஆடுகிறவருக்கு ‘இரண்டுக்கு நான்கு’ நியாயமானது. வாரக் கடைசியில் நண்பர்களுடன் ஆடுகிறவர் அதற்குமேல் போவானேன்? பெரிய பேழையில் காலியாகக் கிடக்கும் குழல்கள் சும்மா கிடப்பதில்லை; அவற்றில் பழைய கையுறையும் ரசீதும் சேர, பேழை மூட்டையாகிவிடும். தவிர, கனமான பேழையைத் தூக்க மனமில்லாமல் காரின் பின்பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம். பெட்டாலிங் ஜெயாவில் பகல் முழுவதும் வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் நுனித் தோலை ஒட்டியிருக்கும் பசை இளகும். ஷாப்ட் தன் நீரை வேகமாக இழக்கும். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய பேழையும் அங்கே உதவாது. சிறிய பேழையின் மிகப் பெரிய குணம், அது எப்போதும் நம்முடனே வீட்டுக்குள் வந்துவிடுவதுதான்.

கார்பன் இழையால் செய்த ஷாப்டுகள் வந்தபின் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பிரிடேட்டர் கம்பெனி 2016-இல் ‘ரேவோ’வை வெளியிட்டது முதல் அந்தக் கறுப்பு ஷாப்டுகள் எங்கும் பரவிவிட்டன, அவை ஈரத்துக்கு வளைவதில்லை என்பது சத்தியம். ஆனால் அடிப்பாகம் இன்னும் மரம்தான். அதில் பதித்த கருங்காலிக் கூர்களும் அலங்காரத் துண்டுகளும் ஈரத்தில் பருத்துப் பரப்புக்கு மேலே விரலில் தட்டுப்பட எழும்புவதை யாரும் நிறுத்திவிடவில்லை. மேலும், கடினமான கார்பன் ஷாப்ட் பக்கத்துக் குழலில் இருக்கும் மேப்பிள் ஷாப்டோடு உரசினால் காயம் படுவது மேப்பிளுக்கே. ஆகையால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி அறை வேண்டும் என்ற பழைய நியதி முன்னைவிட இப்போது அதிகமாகவே பொருந்துகிறது.

மூட்டுப் பகுதியைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். அடிப்பாகத்தின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி குழலுக்குள் இறங்கும்போது துணியைக் கிழிக்கும். ஷாப்டின் துளைக்குள்ளே தூசி புகும். இரண்டுக்கும் சிறு மூடிகள் கிடைக்கின்றன. அவற்றைத் திருகிப் பூட்டியபின்னும் பேழையின் மூடி தடையின்றிச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அநேக பேழைகள் அந்த அரை அங்குலத்துக்கு இடம் வைக்க மறந்தவை. சாக்குக்கும் தேய்ப்பானுக்குமான பை வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். பையின் ஜிப் பித்தளையாக இருந்தால் விசேஷம். இரும்பாக இருந்தால் நம் மழைக்கு ஒரு வருஷம் தாங்குவதே அரிது.

பேழை வாங்கச் செல்லும்போது சொந்தக் கோலை அவசியம் எடுத்துச் செல்லுங்கள். துண்டுகளை உள்ளே இறக்கி மூடுங்கள். இரு கைகளிலும் பிடித்துக் குலுக்குங்கள். உள்ளிருந்து சப்தம் வந்தால் அத்துடன் கீழே வைத்துவிடலாம். மூடியைத் திறந்து, உள்ளங்கையைப் பேழையின் வாயருகே தயாராக வைத்துக்கொண்டு, மெத்தென்ற தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பேழையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். நல்ல பேழையில் கோல் தானாக விழாது. விரலால் பற்றி இழுத்தால் முரண்டும் பிடிக்காது, காற்று மெல்ல உள்ளே புகும் ஓசையோடு ஒரே சீராக வெளிவரும். தோள்பட்டையைக் குழலோடு சேர்க்கும் வளையத்தை இழுத்துப் பாருங்கள். அது வெறும் ஆணியால் அறைந்திருக்கிறதா, தோல் துண்டு வைத்து இருமடங்காகத் தைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கும் பேழை அகப்பட்டுவிட்டால், நிறத்தைப் பற்றியும் சித்திர வேலையைப் பற்றியும் யோசித்துக்கொண்டு நிற்காமல் பணத்தைக் கொடுத்துவிடலாம்.