மதிலுக்குள் ஒரு மன்றம்

கோவளத்துக் கடற்கரை கொடி பெற்றிருக்கிறது! 2021ஆம் ஆண்டில், டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பொன்று அதற்கு நீலக்கொடிச் சான்று வழங்கிற்று. நீரின் தூய்மை, மணலின் துப்புரவு, குளிப்போருக்குக் காவல், கழிப்பறை, குப்பையகற்றல் என்று 33 அளவைகள் கொண்டு அளந்து பார்த்துத் தந்த சான்று அது. எள்ளி நகையாட நாம் இதை எழுதவில்லை. அழுக்கில் கிடப்பதுதான் ஏழைக்கு அழகு என்று எண்ணும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் நாம். ஆனால் அந்த 33 அளவைகளிலே ஒன்றேனும், “இவ்வூரார் மாலையில் ஒன்றுகூடிப் பேச, ஆட, பாட, வழக்காட ஓரிடம் உண்டா?” என்று கேட்கிறதா? கேட்கவில்லை! கொடி பறக்கும் மணலை அடுத்துப் படகும் வலையும் மீன் ஏலமும் இருக்கின்றன. காண வந்தவர் ஒரு பக்கம். காணப்படுபவர் மறு பக்கம். இருவரும் சரிநிகராக அமர்ந்து பேசும் திட்டு ஒன்றை நடுவிலே வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

நகரமைப்போர் இன்று ‘பண்பாட்டுப் பகுதி’ என்கிறார்கள், ‘பொதுச் சதுக்கம்’ என்கிறார்கள், ஏதோ மேல்நாட்டுச் சரக்கைப் புதிதாக இறக்குவதுபோல! மன்றமும் பொதியிலும் சங்கப் பாடல்களில் ஊர்தோறும் நின்றவை. மரநிழலும் மேடையும் கொண்ட அந்த மன்றம் இன்று என்ன ஆயிற்று? திரைப்பட நடிகருக்குக் கட்டவுட்டு நிறுத்தும் கழகத்துக்குப் பெயராயிற்று! இளங்கோ காட்டும் புகாரிலே, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்களே தூண்களாக நாளங்காடி நடக்கிறது. கைவினைஞரும் கடல் வணிகரும் வாழ்ந்த பகுதி ஒன்று; அரசரும் செல்வரும் வாழ்ந்த பகுதி மற்றொன்று. இரண்டையும் பிரித்து நின்ற வெளியே இரண்டையும் சேர்த்து வைத்த இடமுமாயிற்று. அங்கே ஒரு பூதமும் இருந்தது, அதற்குப் பலியும் இட்டனர் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. பூதத்தை விட்டுவிட்டு அங்காடியை எடுத்துக்கொள்வோம்.

இனி, கோவளத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருவோம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரைத் தொடங்கினார். அரசின் தயவை எதிர்பாராமல், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, ஓவியர்கள் தாமே அமைத்த ஊர் அது. உழைப்பால் எழுந்த பண்பாட்டுப் பகுதிக்கு இந்நாட்டில் அதைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. அதன் தெற்கே, முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்டது தட்சிணசித்ரா. இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் கட்டி, நெசவாளர் வீடு, குயவர் வீடு, செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு என்று நிறுத்தியிருக்கிறார்கள். அமைப்பு வரைந்தவர் எளிய கட்டடக் கலைக்குப் புகழ்பெற்ற லாரி பேக்கர். நல்ல பணி; பாராட்டுகிறோம்.

எனினும் ஒன்று கேட்போம். அந்த அக்கிரகாரத் திண்ணையில் இன்று எவரும் அமரலாம். மெய்யான அக்கிரகாரத்தில் எல்லோரும் அமர முடிந்ததா? வைக்கத்தில் 1924இல் மூண்ட போர் எதற்காக? கோயிலுக்குள் நுழைய அல்ல; கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க! பெரியார் சிறை சென்றது அந்த நடைக்காக. தெரு என்பது கல்லும் மண்ணும் மட்டுமன்று, யார் நடக்கலாம் என்னும் சட்டமும் சேர்ந்தது. வீட்டைப் பெயர்த்துக் கொணர்ந்தவர்கள் அந்தச் சட்டத்தைப் பெயர்த்துக் கொணரவில்லை, மகிழ்ச்சிதான். அன்று சாதி நின்ற வாயிலில் இன்று நுழைவுச்சீட்டு நிற்கிறது. இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டோம். சீட்டை வாங்கலாம், சாதியை வாங்க முடியாது. ஆயினும் வலையிழுத்துக் களைத்த கோவளத்து மீனவர் மாலைப்பொழுதைக் கழிக்க நாள்தோறும் சீட்டு வாங்கிக்கொண்டு போவாரா? காட்சிச் சாலை வேறு, மன்றம் வேறு. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றொன்றும் கட்டியாயிற்று என்று எண்ணுவதே நாம் காணும் பிழை.

கொப்பனேகனில் 1962இல் ஒரு கடைத்தெருவை வண்டிகளுக்கு மூடினார்கள். வணிகர் முதலில் முணுமுணுத்தனர். பின்னர் வணிகம் செழித்தது. சென்னைப் பாண்டிபசாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கியதும் அவ்வழியே. நடப்பதற்கு நன்று! ஆனால் பேசுவதற்கு? மெரினாவில் சீரணி அரங்கம் என்றொரு திறந்த மேடை இருந்தது, கடற்காற்றே கூரை, எத்தனையோ கூட்டங்களின் முழக்கத்தைக் கேட்ட மேடை. 2003இல் இடித்துத் தள்ளினார்கள். மணல் அழகாயிற்றாம்!

அழகுக்கு வேறு வழியும் உண்டு. 2007இல் சென்னை சங்கமம் பறையையும் ஒயிலையும் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே விழா நடந்தது. சபாக்களின் குளிர்ந்த அறைகளில் அடைபட்ட இசை, குப்பத்து மணலில் பறையோடு ஒரே மேடையில் அமர்ந்தது. ஓரிரவு விழா உலகை மாற்றிவிடாது என்பது நமக்கும் தெரியும். சபாவுக்குச் சென்றறியாத குழந்தை வீட்டு வாயிலிலே இசை கேட்டது என்பதும் தெரியும்.

இவை யாவற்றினும் மேலானது மாமல்லபுரத்தில் நடக்கிறது. மாசி முழுநிலவில் இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து, கடற்கரையிலே சேலைகளைக் கட்டிக் கூடாரமாக்கித் தங்குகிறார்கள். அங்கேயே திருமணம், அங்கேயே பெயர்சூட்டு, ஆட்டமும் பாட்டமும். கன்னியம்மனை அழைக்கிறார்கள், அந்த நம்பிக்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் நிலமற்றுச் சிதறிய ஒரு மக்கள், வரைபடமும் பொறியாளரும் இன்றி ஆண்டுக்கொருமுறை தமக்கென ஒரு சதுக்கத்தை எழுப்பிக்கொள்வதைப் பாருங்கள், தோழர்களே! பல்லவர் கல்லைக் காண உலகமே வருகிறது. அந்தக் கல்லுக்கருகே மணலில் எழும் இந்த ஊரைக் காண எத்தனை நகரமைப்பாளர் வந்தனர்?

கடற்கரை ஒழுங்குமுறை விதி கட்டடத்துக்கு இடந்தராது என்பார்கள். நாம் கட்டடம் கேட்கவில்லையே! கோவளத்தில் கோயிலும் தர்காவும் மாதாகோயிலும் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி வாயில். மூன்றுக்கும் செல்வோரும், எதற்கும் செல்லாத நம்மவரும் சேர்ந்தமர, ஏலத்துறைக்கும் கொடிக்கம்பத்துக்கும் இடையே நான்கு பூவரச மரங்கள், குடிநீர்க் குழாய், இரவு பத்து மணி வரை எரியும் விளக்கு, பெண்கள் அஞ்சாது வரத்தக்க வழி, எவரும் ஏறிப் பேசத்தக்க மண்மேடு, இவை போதும். இடம் எது என்பதை மீனவர் ஊர்க்கூட்டத்தைக் கேட்டு முடிவு செய்யட்டும் ஊராட்சி. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அப்பகுதித் தோழர்கள் இப்போதே கையொப்பம் திரட்டலாம்.