பொழுது படைத்த களம்: அமெரிக்கச் சரக்குந்து ஓட்டுநர்க்கான நள்ளிரவு வானொலி உரையாடல்கள்

முன்னுரை

வானொலியைத் தனிமைக்குத் துணையாகக் கொள்வது ஊடகத் திறனாய்வில் வேரூன்றிய கருத்தாகும். அமெரிக்காவின் நெடுந்தொலைவுச் சரக்குந்து (லாரி) ஓட்டுநர்களுக்கென நள்ளிரவு தொடங்கி விடியல் வரை ஒலிபரப்பான உரையாடல் நிகழ்ச்சிகளையும் இக்கருத்தின் வழியே நோக்குவது எளிது. துணை என்னும் சொல் பொய்யன்று. ஆயினும் அது போதாது. இங்குத் தனிமை ஒரு மனநிலை மட்டுமன்று. தொழிலின் நிபந்தனையும் ஆகும். ஆதலின் இந்நிகழ்ச்சிகளை ஆறுதல்மொழியாக மட்டும் கொள்ளாது, சிதறிக் கிடந்த தொழிலாளர் ஒருவரையொருவர் கேட்க வாய்த்த களமாகக் கொள்ளவேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

பொழுதும் நிலமும்

மத்திய அலை ஒலிபரப்பில் வான்நோக்கிச் செல்லும் அலைகளைப் பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு உட்கவர்ந்துவிடுகிறது. கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு நலிவதால், அலைகள் மேலடுக்குகளை எட்டி வளைந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தரையை அடைகின்றன. 50 கிலோவாட் ஆற்றல் கொண்ட நிலையங்கள் இவ்வாறே இரவில் பல மாநிலங்களை எட்டின. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து ஒலிபரப்பிய டபிள்யூ.பி.ஏ.பி. நிலையத்தில் 1969-இல் பில் மேக் தம் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1970-களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.எல். நிலையத்தில் சார்லி டக்ளஸ் 'ரோடு கேங்' நிகழ்ச்சியை நடத்தினார். சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையத்தில் 1984 முதல் டேல் சோமர்ஸ் 'டிரக்கிங் போசோ' என்னும் பெயரில் பேசினார்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. அவ்விரண்டும் அங்கு இணைந்து நிற்பன; இங்கோ பொழுதே நிலத்தை விரிக்கிறது. ஊரால் வரையறுக்கப்படும் பகல்நேர நேயர் குழுவுக்கு மாறாக, ஓடும் சாலைகளால் இணைந்த நேயர் குழு யாமத்தில் உருவாகி, விடியலில் கலைந்தது. ஒரு நகரின் வானிலை அறிக்கை அக்குழுவுக்குப் பயன்படாது. பல மாநிலச் சாலைகளின் பனியும் மழையுமே அதற்குரிய செய்திகள்.

நின்றவரின் குரல்

இக்களத்தில் பேசியவர் யார் என்பது அடுத்த வினா. கைப்பேசி பரவுமுன், நிலையத்தை அழைக்க விரும்பிய ஓட்டுநர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஆகவே அலையில் ஒலித்த ஓட்டுநர் குரல் நின்றவருடையது. கேட்ட செவி ஓடுபவருடையது. முன்னே கடந்துவந்த சாலையைப் பற்றி நின்றவர் சொல்ல, அதை நோக்கிச் செல்பவர் கேட்டார். வண்டிகளுக்கிடையே பேச உதவிய சி.பி. வானொலி சில மைல் எல்லைக்குள் இருவழியாக இயங்கியது. நள்ளிரவு நிகழ்ச்சியோ நெடுந்தொலைவு சென்றும் ஒருவழியாகவே இயங்கியது. அந்த ஒருவழியைத் தொலைபேசி அழைப்பே ஓரளவு இருவழியாக்கிற்று. எந்த அழைப்பை ஏற்பது, எப்போது துண்டிப்பது என்னும் அதிகாரம் மட்டும் நிகழ்த்துநரிடமே இருந்தது. அக்களம் திறந்ததாயினும் சமமானதன்று.

விழிப்பு யாருக்காக?

இந்நிகழ்ச்சிகளின் முதற்பயன் ஓட்டுநரை உறங்காமல் வைத்தல் எனலாம். அவ்விழிப்பு அவர் உயிரைக் காக்கிறது. அதே வேளை சரக்கையும் உரிய நேரத்தில் சேர்ப்பிக்கிறது. மைல் கணக்கில் ஊதியம் பெறும் ஓட்டுநருக்குச் சக்கரம் உருளும் நேரமே கூலி நேரம். மாநிலங்களுக்கிடையே சரக்கேற்றும் ஓட்டுநர்களைக் கூட்டாட்சி அரசின் மிகைநேர ஊதிய விதியிலிருந்து 1938-ஆம் ஆண்டின் உழைப்புத் தரச் சட்டம் பொதுவாக விலக்கி வைத்தது. இப்பின்னணியை விடுத்து நிகழ்த்துநரின் கனிவை மட்டும் போற்றும் திறனாய்வு, களைப்பை இயல்பானதாக்கிவிடும். களைப்பைத் தாங்கச் செய்யும் பேச்சு ஒன்று. களைப்பின் காரணத்தைப் பேசவிடும் பேச்சு மற்றொன்று. ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் கலந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிவது திறனாய்வாளர் கடமை.

இடமாற்றமும் இழப்பும்

2001-இல் பில் மேக் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலிக்குச் சென்றார். ஓட்டுநர்க்கெனத் தனி அலைவரிசை நாள் முழுதும் கிடைத்தது. பகலில் மங்கும் அலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இது மெய்யான ஆதாயம். ஆனால் கட்டணம் செலுத்தியவர்க்கே அது கேட்கும். முன்னர் உறக்கம் வராத எவரும் தற்செயலாக ஓட்டுநரின் பேச்சைக் கேட்க இயன்றது, அக்கேள்வியுரிமை குறுகிற்று. மத்திய அலையில் மேக் விட்டுச்சென்ற இரவு நேரத்தில் வளர்ந்த 'ரெட் ஐ ரேடியோ' பொது அரசியல் உரையாடலாக விரிந்தது. அங்கு ஓட்டுநர் இன்றும் நேயரே. ஆயின் அவர் தொழில் பேச்சின் மையப்பொருளன்று.

முடிவுரை

ஒரு தொழிலாளர் பிரிவுக்கு வானொலி துணையாயிற்றா என வினவுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அப்பிரிவு எப்பொழுதில், எவ்வலையில், யார் இசைவோடு பேசியது, அப்பேச்சை வேறு யார் கேட்க இயன்றது என்பனவும் வினவப்படவேண்டும். நள்ளிரவு உரையாடல்களின் சிறப்பு, தம் உழைப்பைத் தாமே விளக்கும் குரல்களை ஊரறியக் கேட்கச் செய்தமையில் உள்ளது. செயற்கைக்கோள் காலத்தில் அக்குரல்கள் அடங்கிவிடவில்லை. அவற்றைக் கேட்கும் ஊரே சுருங்கிற்று.