டெங்கு வார்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

டெங்கு என்று தெரிந்ததுமே தமிழ்நாட்டு வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, “பிளேட்லெட் எவ்வளவு?” என்பதுதான். எண்பதாயிரம், நாற்பதாயிரம் என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் பறக்கும். ஒருவர் பப்பாளி இலை தேடி ஓடுவார். இலங்கை ஆஸ்பத்திரி வாட்டுகளில் தாதிமார் கண் வைத்திருப்பது இன்னொரு எண்ணின் மேல். அது பிசிவி: ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. உயிரைக் காப்பதில் அந்த எண்ணுக்கே முதலிடம் என்பது என் உறுதியான கருத்து.

டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு. காய்ச்சல் விடுகிற வேளையில், “அப்பாடா” என்று வீடு மூச்சுவிடும்போது, ரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து நெஞ்சிலும் வயிற்றிலும் கசியத் தொடங்கலாம். சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் ரத்தம் கெட்டிப்பட்டு, பிசிவி ஏறும். 35 இருந்தது 42 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. அதுவே அபாய அறிகுறி.

இதை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, ஒரு முனையை அடைத்து, ஐந்து நிமிடம் வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். அளவுப் பலகையில் வைத்துப் படிக்க வேண்டியதுதான். கசிவு நேரத்தில் இலங்கையில் சில மணிக்கு ஒருமுறை இதைச் செய்து, நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவோடு ஒரே சார்ட்டில் குறிக்கிறார்கள். ஏறினால் சேலைன் கூடும். நோயாளி தளர்ந்துகொண்டே போக, எண்ணும் இறங்கினால் உள்ளே ரத்தம் போகிறதோ என்று சந்தேகித்து ரத்தம் ஏற்றுவார்கள்.

பாங்காக் மருத்துவர்களிடம் பயின்று வந்தவர்கள் வளர்த்த முறை இது. 2009இல் இலங்கையில் சுமார் 35,000 நோயாளிகளில் 346 பேர் இறந்தார்கள். 2017இன் பெருந்தொற்றில் நோயாளிகள் 1,86,000ஐத் தாண்டினார்கள்; இறப்பு 440. நூறில் ஒருவர் என்பது ஏறக்குறைய நானூறில் ஒருவராகக் குறைந்தது. காரணம் பிசிவி மட்டுமல்ல. ஆனாலும் அந்த சார்ட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்திய அரசின் வழிகாட்டு நெறியும் பிசிவியைப் பார்க்கத்தான் சொல்கிறது. கருத்தாகப் பார்க்கும் மருத்துவர்களும் இங்கே உண்டு. ஆனால் நாளுக்கொரு ரிப்போர்ட் வந்தால் ஏற்ற இறக்கம் எப்படித் தெரியும்? குடும்பமோ பிளேட்லெட் பை தேடி ரத்த வங்கிக்கு அலைகிறது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவது ரத்தக்கசிவைத் தடுப்பதில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017இலேயே காட்டிவிட்டது.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. வழக்கமாக 30 பிசிவி உள்ள பெண்ணுக்கு 36 என்று வந்தால், ரிப்போர்ட் அதை இயல்பான அளவு என்றே காட்டும். உண்மையில் அவருக்குக் கசிவு தொடங்கியிருக்கலாம். காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் ஒருமுறை ரத்தம் பார்த்துவிட்டால் அவருடைய சொந்த அளவு கையில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் பழைய ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டை எடுத்துப் போகலாம்: அதை மூன்றால் பெருக்கினால் பிசிவி ஏறக்குறைய வந்துவிடும்.