டீ கிளாஸின் அடி

ஆபீஸில் நடுநடுவே கொஞ்சம் இன்டர்நெட் பார்ப்பவர்களுக்குப் பிடித்தமான ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2009-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ப்ரென்ட் கோக்கர், சுமார் 300 பேரை விசாரித்துவிட்டுச் சொன்னது: வேலை நேரத்தில் சொந்த சந்தோஷத்துக்காக வலை மேய்கிறவர்கள், மேயாதவர்களைவிட 9 சதவிகிதம் அதிகம் வேலை செய்கிறார்கள். பத்திரிகைகள் கொண்டாடிவிட்டன. மேனேஜரிடம் காட்டலாம் என்று நீங்கள் அதை எடுத்து வைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள்.

கோக்கர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மேய்ச்சல், ஆபீஸ் நேரத்தில் 20 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும். எட்டு மணி நேர வேலையில் அது 96 நிமிஷம். இதற்குப் பெயர் சின்ன பிரேக்கா? தமிழ் சினிமாவில் இடைவேளையே தாண்டிவிடும்.

இன்னொரு சிக்கல். மேய்ந்ததால் நன்றாக வேலை செய்தார்களா, இல்லை வேலையைச் சட்டென்று முடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் மேய நேரம் கிடைத்ததா? அந்த 9 சதவிகிதத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

அதற்காக ஓய்வே கூடாது என்பது அராஜகம். நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் 2006-ல் ஒரு நகராட்சி ஊழியரின் திரையில் சாலிட்டேர் சீட்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆளை வேலையை விட்டே தூக்கிவிட்டார். சாலிட்டேர் பாவம், சாது. 1990-ல் விண்டோஸ் 3.0-வுடன் வந்தது. ஜெயித்தால் சீட்டுகள் துள்ளி விழும். தோற்றால் நகர்த்த எதுவும் இருக்காது. எப்படியும் முடிந்துவிடும். டீ மாதிரி. கிளாஸின் அடி தெரிந்ததும் ஸீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

அதே 2006-ல் அஸா ராஸ்கின் என்பவர், தள்ளத் தள்ளக் கீழே வளர்ந்துகொண்டே போகும் பக்கத்தை வடிவமைத்தார். 'அடுத்த பக்கம்' பட்டன் போச்சு. கூடவே, 'போதுமே' என்று நினைக்கக் கிடைத்த அந்த ஒரு நொடியும் போச்சு. பிற்பாடு அவரே இதற்காக வருத்தப்பட்டார். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இன்றைக்கு இந்த அடியில்லாத கிளாஸில்தான் டீ தருகின்றன. ஐந்து நிமிஷம் என்று உள்ளே போகிறவர் அரை மணி கழித்து வெளியே வருவது அவருடைய சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

எனவே எத்தனை நிமிஷம் என்பதைவிட, முடிகிற சமாசாரமா என்று பாருங்கள். ஒரு கட்டுரை, ஒரு குறுக்கெழுத்து, கிரிக்கெட் ஸ்கோர்... பார்த்தோமா, எழுந்தோமா என்று இருக்கலாம்.

டெஸ்ட் மாட்ச் என்றால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. ஐந்து நாள்!